பினாங்குப் பாலத்தின் நடுவில் மோட்டார் திடீரென்று நின்றுவிடுகிறது, பெட்ரோல் பிரச்சினையா கரண்ட் பிரச்சினையா?

நைட்ஷிஃப்ட்_பிஎம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெருநிலப் பக்கம் புக்கிட் மெர்தாஜமில் இருக்கிறேன், வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட், அதனால் போக வர பினாங்குப் பாலம்தான் வழி. மோட்டார் சைக்கிள் 110 சிசி கப்சாய், அதாவது கிளட்ச் பிடி இல்லாத சின்ன வண்டி, கார்புரேட்டர் வைத்தது, அப்பா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்தது. பழசுதான், ஆனால் ஆயில் நேரத்துக்கு மாற்றுகிறேன், செயின் பார்க்கிறேன், கவனிக்காமல் விட்ட வண்டி இல்லை.

பிரச்சினை என்னவென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. வீட்டில் ஒரே கிக்கில் எடுக்கும். பாலத்துக்கு முன்னால் ஜூரு பக்கம் சிக்னல் விளக்குக்கு விளக்கு நின்று போனாலும் ஒன்றும் செய்யாது. பாலத்தில் ஏறி, நடுவில் இருக்கும் அந்த உயரமான இடத்துக்குப் போகும்போதோ அதைத் தாண்டி இறங்கும்போதோ நின்றுவிடும். உடனே கிக் அடித்தால் எடுக்காது, எவ்வளவு அடித்தாலும் எடுக்காது. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொள்ளும், அப்புறம் தொழிற்சாலை வரைக்கும் போய்விடலாம். தினமும் இப்படி இல்லை, அதுதான் இன்னும் தொல்லை, ஏனென்றால் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடுகிறது.

ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார்கள், பிளக்கும் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் நின்றது. இன்னொருவர் கார்புரேட்டரையே புதிதாகப் போடச் சொல்கிறார், வேறொருவர் பிளக்கில் நெருப்பு வரவைக்கும் சிடிஐ பெட்டி போயிருக்கும் என்கிறார், யாரும் எதையும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. ஊகத்தின் பேரில் ஒவ்வொரு சாமானாக வாங்கிப் போட என் சம்பளம் தாங்காது. பிளக் ஸ்பேனரும் சாதாரண ஸ்பேனர் செட்டும் வீட்டில் இருக்கின்றன, சொல்லிக்கொடுத்தால் நானே செய்வேன். இரவில் பாலத்தின் நடுவில் ஒரு பெண் தனியாக நிற்கும்போது பக்கத்தில் லாரி போனால் காலடியில் தரையே அதிர்கிறது. இனி அங்கே நிற்கக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.


பழைய_பட்டறை எழுதியது:

தங்கச்சி, எது போயிருக்கிறது என்று தெரியும்வரை ஒரு சாமானும் வாங்காதீர்கள். யார் சொன்னாலும் வாங்காதீர்கள். எந்தக் கம்பெனி வண்டி என்றுகூட நான் கேட்கப்போவதில்லை, கார்புரேட்டர் கப்சாய் எல்லாவற்றுக்கும் சங்கதி ஒன்றுதான். வண்டி நின்ற அந்த நிமிடத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லையா, பிளக்கில் நெருப்பு வரவில்லையா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பட்டறையில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாததற்கும் அதுதான் காரணம். நோய் இருக்கும்போது யாரும் பார்க்கவில்லை.

முதலில் அது எப்படி நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் தட்டுப்பாடு என்றால் இழுவை முதலில் குறையும், முறுக்கினாலும் வேகம் ஏறாது, இரண்டு மூன்று முறை விக்கும், முறுக்கைக் கொஞ்சம் விட்டால் மறுபடி பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும், பிறகுதான் நிற்கும். கரண்ட் என்றால் அந்தப் பேச்சே இல்லை, சாவியை யாரோ திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஆயில் இல்லாமல் எஞ்சின் பிடித்துக்கொள்வது. அப்படியானால் பின் சக்கரம் இழுக்கும், கிக் இறங்கவே இறங்காது. உங்களுக்குக் கிக் இறங்குகிறது, அதனால் அது இல்லை, ஆனாலும் ஆயில் குச்சியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், இந்த வண்டிகளில் இருப்பதே முக்கால் லிட்டர் போலத்தான், கொஞ்சம் குறைந்தாலும் பெரிய குறை.

பாலத்தில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். நடுப்பாலம் கடல் மட்டத்திலிருந்து 33 மீட்டர் உயரம், அங்கே ஏற்றம், கூடவே எதிர்காற்று, நீங்கள் முறுக்கைப் பிடித்தபடி நிற்காமல் போகிறீர்கள். ஒரு லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 20 மில்லி பெட்ரோல் வேண்டும், ஏற்றத்தில் இன்னும் கூடுதல். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கி நிற்பது அதையொட்டிய அளவுதான். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் ஜூரு விளக்குகளில் நிற்கும்போது கிண்ணம் நிரம்பிக்கொள்ளும், அங்கே குறை தெரியாது. பாலத்தில் நிரம்ப நேரம் கிடைக்காது. அதனால் பெட்ரோல் வழியாகவும் உங்கள் கதை பொருந்துகிறது. ஆனால் சூடாகி ஓடுவதும் அங்கேதான், அதனால் கரண்ட் வழியாகவும் பொருந்துகிறது. கேட்டதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பெட்ரோல் பக்கம் முதல் சந்தேகம் டேங்க் மூடி. பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் பால் ஊற்றாது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஊற்றும், தெரியும்தானே. டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு துளை இருக்கிறது, மண்ணும் துருவும் அடைத்தால் பெட்ரோல் வருவது மெல்ல நின்றுவிடும், கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் எப்படியாவது காற்று கசிந்து உள்ளே போய் மறுபடி வரும். இதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: டேங்க் நிறைய ஊற்றிய அன்று சீக்கிரம் நிற்கும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு, கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். நின்றவுடன் மூடியைத் திறங்கள், 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியைத் திறந்ததும் கொஞ்ச நேரத்தில் எடுத்துக்கொண்டால் குற்றவாளி அதுதான். துளையைச் சுத்தம் செய்தால் போதும், ஆகவில்லை என்றால் மூடி மாற்றலாம், செலவு பெரிதில்லை. அதற்காக மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டாதீர்கள், சீட்டுக்கு அடியில் பெட்ரோல் சிந்தும்.

மூடி சரியாக இருந்தால் கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் கிண்ணம் காலி, அப்போது டேங்க், வடிகட்டி, ரப்பர் குழாய், அந்த வழியாகத் தேடலாம். பெட்ரோல் நன்றாக வந்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் கார்புரேட்டரை மறந்துவிடுங்கள்.

இனி நெருப்பு. பையில் பழைய பிளக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல நிலையில் உள்ளது, இடைவெளி 0.6 இலிருந்து 0.7 மில்லிமீட்டர். வண்டி நின்றவுடன் பிளக் கேப்பைப் பிடுங்கி இந்தப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சின் இரும்போடு ஒட்டி வைத்து, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்துக்கொண்டு கிக் அடியுங்கள். நீலமாகச் சட்சட்டென்று அடித்தால் நெருப்பு உண்டு. வெறும் கையால் பிடிக்காதீர்கள், டேங்க் மூடி மூடியிருக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கக் கூடாது. வடிகால் வேலையை முடித்தால் துடைத்து, காய்ந்த பிறகு, வேறு இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். நெருப்பு சோதனையை முதலில் செய்துவிட்டுப் பெட்ரோல் பக்கம் வருவது இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். நம் நாட்டில் 1992 இலிருந்து பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் இருப்பதால் வண்டி நின்றதும் எல்லோரும் ஹெட்லைட்டைப் பார்த்து 'லைட்டும் போச்சு, அப்போ பேட்டரி' என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய கப்சாய் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் நேராக, எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டிலிருந்து வருகிறது, எஞ்சின் நின்றால் அது எப்படியும் அணையும். நீங்கள் பார்க்க வேண்டியது நியூட்ரலின் பச்சை விளக்கும் ஹாரனும். அவை வேலை செய்தால் பேட்டரி, பெரிய ஃபியூஸ் எல்லாம் சரி.


தினமும்_பாலம் எழுதியது:

பழைய பட்டறை அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அக்கா, தயவுசெய்து இந்தச் சோதனை எதையும் பாலத்தின் மேல் செய்யாதீர்கள். நடுவில் ஒதுங்க இடம் குறைவு, பின்னால் வருகிறவர்கள் வேகமாக வருவார்கள், குனிந்து பிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை அவர்களுக்குத் தெரியாது. நானும் பிறையிலிருந்து பாலத்தில்தான் போகிறேன், மழை இரவில் அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும்.

எஞ்சின் போகிறது என்று தெரிந்தவுடன் பிரேக் பிடித்து அங்கேயே நிற்காதீர்கள். இடது சிக்னல் போட்டு, கப்சாயில் கிளட்ச் பிடி இல்லை, அதனால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருட்டி விடுங்கள். உச்சியைத் தாண்டியிருந்தால் இறக்கம் உங்களை நல்ல தூரம் கொண்டுபோகும். நின்றால் சுவரை ஒட்டி நிறுத்தி, வண்டிக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் தள்ளி, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நில்லுங்கள். பாலத்தைப் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது, 1800 88 0000 என்ற எண்ணுக்கு அடித்து எந்தத் திசை, எத்தனையாவது கிலோமீட்டர் கல் என்று சொன்னால் ரோந்து வண்டி வரும். அந்த எண்ணைப் போனில் போட்டு வையுங்கள், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பளபளக்கும் பட்டை வைத்த மேல்சட்டை ஒன்றும் வாங்கிப் போடுங்கள். இன்னொன்று, யாராவது நல்ல மனசோடு வந்து காலால் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாலும் பாலத்தில் வேண்டாம். காற்று ஒரு தடவை பக்கத்தில் அடித்தால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

வண்டி சரியாகும்வரை பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்து ஜார்ஜ்டவுன் போய், அங்கிருந்து ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில் பாயான் லெப்பாஸ் இறங்குங்கள். பெர்ரியில் மோட்டார் ஏற்றுகிறார்கள். 2019 இலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் இல்லாததால் பெர்ரிக்குக் காசு கொடுக்க மனம் வராதுதான், சுற்றும் அதிகம், நேரமும் போகும். ஆனால் அந்தச் சாலையில் நின்றால் ஒதுங்க இடம் இருக்கிறது. யாராவது இரண்டாம் பாலத்தில் போகச் சொன்னால் கேட்காதீர்கள், அது 24 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரைக்கும், கெட்ட வண்டியோடு அது இன்னும் மோசம்.


நைட்ஷிஃப்ட்_பிஎம் எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். இப்படி வரிசையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த வாரம் தம்பியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், மோட்டாரைப் பாலத்தில் ஏற்றவில்லை.

விடுமுறை நாளில் அப்பா காரில் பின்னால் வர, எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றியும் ஜூரு பக்கமும் நிற்காமல் ஓட்டினேன். நன்றாகச் சூடானதும் நின்றது, அதுவும் சமதரையில், ஏற்றம் இல்லை, காற்றும் இல்லை. விக்கவில்லை, இழுவை குறையவில்லை, சட்டென்று போனது. ஓரத்தில் புல் தரையில் நிறுத்திப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. அண்ணன் சொன்ன மாதிரி பழைய பிளக்கை வைத்து அப்பா பிடித்தார், நான் கிக் அடித்தேன், நெருப்பு கொஞ்சமும் இல்லை. பிறகு தள்ளி வைத்து மூடியைத் திறந்தேன், சத்தம் ஒன்றும் வரவில்லை. வடிகால் திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் சுத்தமாக வருகிறது, தண்ணீர் இல்லை.

அப்புறம் எல்லாவற்றையும் மூடித் துடைத்துவிட்டு எஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். ஆறியபின் அதே பிளக், அதே இடம், நீலமாக அடித்தது. வண்டியும் எடுத்தது.

அப்படியென்றால் கார்புரேட்டர் இல்லை, சரிதானே? சிடிஐ என்று சொன்னவர் சொன்னதுதான் சரியா? அதையே வாங்கலாமா?


பழைய_பட்டறை எழுதியது:

கார்புரேட்டர் இல்லவே இல்லை. இவ்வளவு சுத்தமாகச் சோதித்ததற்கு உங்களுக்கும் அப்பாவுக்கும் பாராட்டு, பட்டறையில் வேலை கற்கும் பையன்களுக்கே இந்தப் பொறுமை வருவதில்லை. ஆனால் சிடிஐ இன்னும் வாங்காதீர்கள். நெருப்பு வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை, பல்சர் காயில், பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் பெரிய காயில், பிளக் கேப், வயர், சாவி சுவிட்ச் என்று வரிசையே இருக்கிறது. மீட்டர் வேண்டும்.


சோதனை_மேசை எழுதியது:

நானும் பாயான் லெப்பாஸில்தான், சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. சூடானால் செத்து, ஆறினால் உயிர் வரும் கோளாறு எங்களுக்குத் தினமும் வரும் விருந்தாளி, அதனால் இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

பல்சர் காயில் என்பது மயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் பல நூறு சுற்று சுற்றி, பிசினில் இறுக்கி வைத்தது. மேக்னெட் சுற்றும்போது அதன் ஓரத்தில் இருக்கும் மேடு இந்தக் காயிலைக் கடக்கும், அப்போது சிறு துடிப்பு ஒன்று உண்டாகும், அந்தத் துடிப்பு வந்தால்தான் சிடிஐ 'இப்போது நெருப்பு விடு' என்று அறியும். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கம்பியில் எங்கோ ஒரு முடிச்சில் விரிசல் விழுகிறது. குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடாகி பிசின் விரிந்ததும் முனைகள் விலகிவிடும். துடிப்பு இல்லை, நெருப்பு இல்லை, எஞ்சின் சட்டென்று நிற்கும். ஆறினால் மறுபடி தொடும். அக்கா சொன்ன அடையாளம் எல்லாம் இதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

சிடிஐயும் சூட்டில் போகும்தான். ஆனால் அது பாடி கவருக்குள், எஞ்சினைவிட்டு விலகி உட்கார்ந்திருக்கிறது, பல்சர் காயிலோ மேக்னெட் மூடிக்குள் எஞ்சின் சூட்டிலேயே வேகிறது. அதனால் முதலில் சூடு அதிகம் வாங்கும் இடத்தைப் பார்ப்பதுதான் முறை. சிடிஐ பெட்டியை மீட்டர் வைத்துச் சோதிக்க முடியாது, மற்றதை எல்லாம் சோதித்து நீக்கிய பிறகு, அதே மாதிரி வண்டியிலிருந்து நல்ல சிடிஐ ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. கடைசியில் வர வேண்டியதை முதலில் வாங்கச் சொல்கிறார்கள்.

சாதாரண மல்டிமீட்டர் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். மேக்னெட் மூடியிலிருந்து வரும் வயர் கட்டில் பல்சருக்குரிய வயர் எது என்று மேனுவலில் பார்த்து, இணைப்பானைப் பிரித்து, குளிர்ந்த எஞ்சினில் ஓம் அளவை எழுதி வையுங்கள். பிறகு ஓட்டி, வண்டி தானாக நின்றவுடன், ஆறுவதற்கு முன்பே மறுபடி அளந்து பாருங்கள். சூட்டில் அளவு கொஞ்சம் ஏறுவது இயல்பு, செம்பின் குணம் அது. ஆனால் மீட்டர் எல்லையைத் தாண்டி ஒன்றும் காட்டாமல் போனால் உள்ளே கம்பி விலகிவிட்டது, இனி சந்தேகம் இல்லை. அதே சூட்டில் பெரிய காயிலையும் அளந்துவிடுங்கள். அதன் முதல் கம்பிச்சுற்று (பிரைமரி) ஒரு ஓமை ஒட்டிய மிகச் சிறிய அளவு காட்டும், பிளக் கேப்பைத் தனியாகத் திருகி எடுத்து அளந்தால், தடை வைத்த கேப் என்றால் 5 கிலோ ஓம் அளவில் இருக்கும்.

அளக்கும்போது இணைப்பானின் உள்ளேயும் விளக்கடித்துப் பாருங்கள். நாம் இருப்பது கடல் பக்கம், தினமும் உப்புக்காற்றில் பாலத்தைக் கடக்கும் வண்டி. பித்தளை முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் அதுவே தனிக் கோளாறு, மீட்டர் அளவையும் பொய்யாகக் காட்டும். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்துவிட்டு அளப்பது நல்லது. வயரை அசைத்தும், ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். ஹேண்டில் கழுத்துப் பக்கம் வயர் உரசித் தோல் போயிருந்தாலும் வண்டி இப்படிச் சட்டென்று அணையும், ஆனால் அது ஆறும்வரை காத்திருக்காது, வயர் நகர்ந்தவுடன் எடுத்துவிடும்.


புது_ஒய்டி எழுதியது:

அண்ணே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இன்ஜெக்‌ஷன் வண்டி, எனக்கும் நிற்கிறது, ஆனால் என்னுடையது நிற்கும்போது மீட்டர், சிக்னல், ஹாரன் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகிறது, ஒரு குழியில் ஏறி இறங்கினால் சில நேரம் திரும்ப வருகிறது. இதற்கும் பல்சரா?


பழைய_பட்டறை எழுதியது:

இல்லை தம்பி, உன் கதை வேறு. எல்லாம் ஒன்றாகப் போகிறது என்றால் பேட்டரியிலிருந்து வரும் பெரிய வழியே அறுகிறது. பேட்டரி முனைத் திருகு இரண்டையும் இறுக்கு, பெரிய ஃபியூஸ் உட்காரும் இடம் கருகியிருக்கிறதா பார், சாவி சுவிட்சுக்கு அடியில் வரும் வயரை அசைத்துப் பார். குழியில் குலுங்கினால் திரும்ப வருகிறது என்றாயே, எங்கோ தளர்ந்திருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. பிறகு எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பார், 13.5 இலிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை, உன் வண்டியில் பெட்ரோல் பம்பே பேட்டரி பலத்தில் ஓடுகிறது, அதனால் கார்புரேட்டர் வண்டி தாக்குப்பிடிக்கும் இடத்தில் உன்னுடையது நின்றுவிடும். சாவி போட்டவுடன் சீட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்கிறதா, மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்து அணைகிறதா, இல்லை விட்டு விட்டு மின்னுகிறதா என்று பார்த்துத் தனியாக ஒரு கேள்வியாகப் போடு, இங்கே கலக்க வேண்டாம், தங்கச்சி கேள்வி முடியட்டும்.


நைட்ஷிஃப்ட்_பிஎம் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டோம்! அப்பாவின் நண்பர் ஒருவர் மீட்டர் கொடுத்தார். குளிர்ந்திருக்கும்போது பல்சர் காயில் அளவு காட்டியது, மேனுவலில் இருந்த எல்லைக்குள்தான். ஓட்டி, நின்றவுடன் இணைப்பானைப் பிரித்து வைத்தால் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. வயரை அசைத்தோம், வேறு முனையில் வைத்தோம், ஒன்றும் இல்லை. அப்படியே மீட்டரை மாட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தோம், ஆறிக்கொண்டே வரும்போது திடீரென்று அளவு திரும்ப வந்தது. அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. பெரிய காயிலும் கேப்பும் சூட்டிலும் சரியாகவே இருந்தன. சோதனை மேசை அண்ணன் சொன்ன மாதிரி இணைப்பானில் பச்சையும் பூத்திருந்தது, சுத்தம் செய்தாயிற்று.

இப்போது கேள்வி, பல்சர் தனியாகக் கிடைக்குமா? கடையில் ஒருவர் மேக்னெட் பிளேட்டோடு முழுதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார். பழைய வண்டியில் கழற்றியது மலிவாகத் தருகிறேன் என்றும் ஒருவர் சொல்கிறார்.


பழைய_பட்டறை எழுதியது:

சில மாடலில் பல்சர் தனியாக இரண்டு திருகில் உட்கார்ந்திருக்கும், தனியாக வாங்கலாம். சில மாடலில் பிளேட்டோடு சேர்ந்துதான் வரும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். பழைய வண்டியில் கழற்றியதை இந்த ஒரு சாமானுக்கு மட்டும் வாங்காதீர்கள். அதுவும் இதே சூட்டில் இதே வருடங்கள் வெந்ததுதான், குளிர்ந்த நிலையில் கடையில் அளந்தால் நன்றாகக் காட்டும், பாலத்தில் மறுபடி நிற்பீர்கள். அசல் சாமான் வாங்குங்கள், பில் வாங்கி வையுங்கள்.

மாட்டும்போது பல்சருக்கும் மேக்னெட் மேட்டுக்கும் உள்ள இடைவெளி மேனுவலில் சொன்னபடி இருக்கட்டும். மூடியின் பேக்கிங் காகிதத்தைப் புதிதாகப் போடுங்கள், கழற்றும்போது ஆயில் வடிந்தால் அளவு பார்த்து நிரப்புங்கள். வயரைப் பழைய கிளிப்பில் பழைய வழியிலேயே கொண்டுபோங்கள், செயின் பக்கம் தொங்க விடாதீர்கள். இந்த வேலையைப் பட்டறையில் கொடுப்பதென்றால் கொடுங்கள், தவறில்லை, ஆனால் 'வண்டி நிற்கிறது, பாருங்கள்' என்று சொல்லாமல் 'பல்சர் சூட்டில் விலகுகிறது, அளந்து பார்த்தோம், இதை மட்டும் மாற்றுங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள். பேச்சே மாறிவிடும்.


தினமும்_பாலம் எழுதியது:

மாற்றியபின் நேராகப் பாலத்தில் ஏறிவிடாதீர்கள் அக்கா. ஜூருவைச் சுற்றி நன்றாகச் சூடாக்கி ஓட்டிவிட்டு, முடிந்தால் ஒரு பகல் நேரத்தில் யாராவது கூட வர முதல் தடவை ஏறுங்கள்.


நைட்ஷிஃப்ட்_பிஎம் எழுதியது:

மாற்றியாயிற்று. எங்கள் மாடலில் பல்சர் தனியாகவே கிடைத்தது, புதிய கார்புரேட்டருக்குச் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. பட்டறையில்தான் கொடுத்தேன், அண்ணன் சொன்ன மாதிரியே சொன்னேன், அவர்களும் மறு பேச்சுப் பேசாமல் அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். தம்பி பின்னால் வர, முதலில் வெயில் நேரத்தில் ஜூருவில் நிற்காமல் சுற்றினேன், பிறகு பாலத்தில் போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை. இப்போது மறுபடி வேலைக்கு அதில்தான் போகிறேன். பிளஸ் எண் போனில் இருக்கிறது, மேல்சட்டையும் வாங்கிவிட்டேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஜெலுத்தோங்கில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, நன்றாகச் சூடாக இருந்தால், எஞ்சின் மெல்ல மெல்ல இறங்கி அணைகிற மாதிரி வருகிறது, கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடுகிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை. இதுவும் நெருப்புதானா?


பழைய_பட்டறை எழுதியது:

இது நெருப்பு இல்லை தங்கச்சி, பயப்பட வேண்டாம். கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தவர்கள் ஐட்லிங் திருகை, அதாவது முறுக்கை விட்டு நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகை, சரியாக வைத்திருக்க மாட்டார்கள், அதை எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் வைக்க வேண்டும், குளிரில் வைத்தால் இப்படித்தான் ஆகும். அதை வைத்தும் இறங்கினால் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு. வால்வு இறுகியிருந்தால் சூட்டில் முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், ஐட்லிங்கில்தான் முதலில் தெரியும். அதை நீண்ட நாள் தள்ளிப்போடாதீர்கள், எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும், அப்புறம் எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.